வேலிக்கு அடங்காத விலங்கு: பெங்களூரின் தோட்டங்கள் யாரை வெளியே நிறுத்தின?

பெங்களூரின் பழைய குடியிருப்புத் தெருக்களில் காலையில் நடப்பவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வாயிற்கதவின் இருபுறமும், பூந்தொட்டிகளுக்கு நடுவிலும், சொட்டுநீலம் கலந்த தண்ணீர் நிரப்பிய பழைய பாட்டில்கள் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். நீலத்தைக் கண்டால் நாயும் பூனையும் அண்டாது என்பது நம்பிக்கை. அந்தப் பாட்டில்களை ஒட்டியே நாயொன்று சுருண்டு உறங்குவதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அண்மையில் எங்கள் அடுக்ககக் கூட்டத்தில் பூச்செடிகளின் மண்ணைக் கிளறும் பூனைகளைப் பற்றி நெடுநேரம் விவாதம் நடந்தது. மதிலை உயர்த்தலாமா, கம்பிவலை அடிக்கலாமா என்று தொடங்கிய பேச்சு, மூன்றாம் மாடியில் தனியாக வாழும் ஓர் அம்மையாரிடம் வந்து நின்றது. அவர் இரவுதோறும் பூனைகளுக்குச் சோறு வைப்பவர். “சோறு வைக்கிறவங்கதான் ஓனர். சேதத்துக்கு அவங்கதான் பொறுப்பு” என்றார் ஒருவர். பலர் தலையசைத்தனர். அம்மையார் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

அந்த ஒற்றை வாக்கியத்துக்குப் பின்னால் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுச் சட்ட வரலாறு இருக்கிறது என்பதே இப்பதிவை எழுதத் தூண்டியது. தோட்டத்துக்குள் விலங்கு நுழையாமல் காப்பது வெறும் வீட்டு வேலை போலத் தோன்றலாம். ஆனால் எந்த விலங்கை வெளியே நிறுத்துவது, அதன் பொருட்டு யாரைத் தண்டிப்பது என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு காலமும் வெவ்வேறு விடை தந்துள்ளது. ‘தோட்ட நகரம்’ எனப் பெயர் பெற்ற பெங்களூர், இவ்வரலாற்றைப் படிக்க ஏற்ற இடம்.

1. வேலி, காவல், கொண்டி

சொற்களிலிருந்து தொடங்கலாம். தமிழில் ‘வேலி’ முள்ளாலோ கழியாலோ அமைந்த அடைப்பைக் குறிக்கும். காவிரிப் படுகையில் இருபது மா கொண்ட நில அளவுக்கும் அதுவே பெயர். அடைப்பும் அளவும் ஒரே சொல்லில் அடங்கின. கன்னடத்தில் இச்சொல் ‘பேலி’ ஆகும். வேலியே பயிரை மேய்ந்த கதையை இரு மொழியாரும் பழமொழியாகச் சொல்கின்றனர்.

எனினும், பயிர்க்காப்பின் பழைய வடிவம் வேலியைக் காட்டிலும் ஆளையே நம்பியிருந்தது. சங்கப் பாடல்களின் குறிஞ்சி நிலத்தில் பகலில் மகளிர் தட்டையும் குளிரும் கவணும் கொண்டு தினைப்புனத்தில் கிளி கடிந்தனர்; இரவில் ஆடவர் பரண் மீதிருந்து யானையையும் பன்றியையும் விரட்டினர். இக்காவல் பருவத்தோடு முடிவது. கதிர் கொய்த பின் காவலும் இல்லை, தடையும் இல்லை. சமவெளியிலும் இதே ஒழுங்கு நீடித்தது. பயிர் நிற்கும்போது திருடனாகக் கருதப்பட்ட ஆட்டு மந்தையை, அறுவடை முடிந்ததும் உழவரே அழைத்துக் கிடை போடச் செய்தனர். எருவுக்காக இடையருக்குக் கூலியும் கொடுத்தனர். ஒரே விலங்கு, ஒரே நிலம். மாறியது மாதம் மட்டுமே.

மைசூர் நாட்டில் இதற்கு எதிர்த்திசையிலான அமைப்பும் இருந்தது. உடையார் அரசர்களும், பின்னர் ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் படைக்குத் தேவையான இழுவை மாடுகளைப் பேணினர். அத்துறைக்குத் திப்பு இட்ட பெயர் அமிர்த மகால். அம்மாடுகளுக்கென ஒதுக்கிய புல்வெளிகள் ‘காவல்’ எனப்பட்டன. அங்கே மாடு உள்ளே இருந்தது. கலப்பை வெளியே நிறுத்தப்பட்டது. பெங்களூரின் வடக்கே உள்ள காவல் பைரசந்திரா, ஜாரகபண்டே காவல் ஆகிய பெயர்களில் அச்சொல் எஞ்சியிருக்கிறது. ஹெசரகட்டாவின் புல்வெளியும் அந்த மரபின் எச்சமே.

மூன்றாவது சொல் ‘கொண்டி’. பழந்தமிழில் இது கொள்ளைப் பொருளைக் குறித்தது. பிற்காலத்தில் கட்டுக்கடங்காமல் பிறர் பயிரை மேயும் மாடு ‘கொண்டி மாடு’ ஆயிற்று. அதைப் பிடித்து அடைக்கும் இடம் ‘கொண்டித் தொழு’ ஆயிற்று. பயிரைக் கொள்ளையிடுவது மாடா, மாட்டைக் கொள்ளையிடுவது தொழுவா என்ற ஐயம் அச்சொல்லிலேயே இருக்கிறது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் அந்த ஐயம் நடைமுறைச் சிக்கலாகவே மாறியது.

2. ஏரிக்கரைத் தோட்டங்களும் முள்வேலியும்

பெங்களூரின் முதல் தோட்டக்காரர்களாக வரலாற்றில் அடையாளம் காணப்படுவோர் திகளர்கள். கன்னடம் பேசுவோர் தமிழரைப் பொதுவாகச் சுட்டவும் இதே சொல்லைப் பயன்படுத்துவதுண்டு. தமிழ்ப் பகுதிகளோடு தொடர்புடைய இச்சமூகத்தினர், தர்மாம்புதி, சம்பங்கி முதலிய ஏரிகளைச் சார்ந்து காய்கறியும் கீரையும் பூவும் பயிரிட்டனர். தர்மராயர் கோயிலின் கரக விழா இவர்களுடையது. இன்று சம்பங்கி ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது.

ஏரி பொதுச் சொத்து. கரையில் மாடு மேய்த்தவரும், துணி வெளுத்தவரும், செங்கல் அறுத்தவரும், தோட்டம் போட்டவரும் அதே நீரைப் பகிர்ந்தனர். இத்தகைய இடத்தில் உயர்ந்த மதிலுக்கு வழியில்லை. கள்ளி, கற்றாழை, முட்புதர் ஆகியவையே வேலி. நாற்றங்காலின் மேல் பரப்பிய முட்கிளைகளே காப்பு. திருகள்ளிக்கு லின்னேயஸ் 1753இல் இட்ட அறிவியற் பெயரிலும் ‘திருக்கள்ளி’ என்ற சொல்லே இருக்கிறது. மலபார்த் தாவரங்களைப் பற்றிய டச்சுக்காரர்களின் பெருநூல் வழியாக ஐரோப்பா சென்ற சொல் அது.

முள்வேலி ஊருக்கும் அரணாக இருந்தது. 1791 மார்ச்சில் காரன்வாலிஸின் படை பெங்களூர்ப் பேட்டையையும் பின்னர்க் கோட்டையையும் கைப்பற்றியது. அப்போரைப் பற்றி எழுதிய பிரிட்டிஷ் அதிகாரிகள், பேட்டையைச் சுற்றி அகழியோடு அடர்ந்த முட்புதர் வளர்க்கப்பட்டிருந்ததைக் குறிப்பிடுகின்றனர். மாட்டைத் தடுக்கும் வேலியும் பகைவரைத் தடுக்கும் வேலியும் ஒரே இனச் செடிகளால் ஆனவை.

3. லால்பாக்: உள்ளே புலி, வெளியே மாடு

ஹைதர் அலி 1760ஆம் ஆண்டு தொடங்கியதாகக் கூறப்படும் லால்பாக் வேறொரு மரபைச் சேர்ந்தது. 1800இல் மைசூர் நாட்டைச் சுற்றி ஆய்வு செய்த பிரான்சிஸ் புக்கானன், பெங்களூரில் கண்ட அரசத் தோட்டங்களை வருணித்திருக்கிறார். சதுரப் பாத்திகள், அவற்றைப் பிரிக்கும் நடைபாதைகள், ஓரங்களில் சைப்ரஸ் மரங்கள். ஒரு பாத்தி முழுதும் ரோஜா, மற்றொன்று முழுதும் மாதுளை. ஏரிக்கரைத் தோட்டத்தின் கலப்பும் நெகிழ்வும் இங்கில்லை. இது கண்டு மகிழ்வதற்கான இடம்.

திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் இத்தோட்டம் பல கைகள் மாறியது. 1856இல் அரசுத் தாவரவியல் தோட்டமாக உருப்பெற்றது. கியூ தோட்டத்தில் பயின்ற வில்லியம் நியூ அதன் கண்காணிப்பாளரானார். 1874 முதல் 1908 வரை பொறுப்பிலிருந்த ஜான் கேமரூன் காலத்தில் அது பெரிதும் விரிந்தது. கண்ணாடி மாளிகைக்கு 1889இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வெளிநாட்டுக் காய்கறிகள் பல இங்கு வளர்க்கப்பட்டுப் பரவின. தமிழர் சமையலறையில் சௌசௌவுக்குப் ‘பெங்களூர்க் கத்திரிக்காய்’ என்ற பெயர் நிலைத்ததன் பின்னணி இதுவே.

அக்காலத்தில் லால்பாக்கினுள் விலங்குக் காட்சிசாலையும் இருந்தது. புலியும் கரடியும் குரங்கும் கூண்டுகளில் வைக்கப்பட்டன. அக்காலத்தின் புறாக்கூடு இன்னும் நிற்கிறது. பக்கத்து ஊரின் எருமை உள்ளே வந்தால் அது அத்துமீறல். தொலைதூரக் காட்டின் புலியைக் கொண்டுவந்து அடைத்தால் அது கல்வி, கேளிக்கை. இரண்டும் விலங்கே. விலங்கை உள்ளே கொண்டுவரும் உரிமை யாருடையது என்பதில்தான் வேறுபாடு.

1809இல் அமைந்த கன்டோன்மென்ட் பகுதியின் பங்களாத் தோட்டங்களும் இந்த மனநிலையையே பகிர்ந்தன. வீட்டைச் சுற்றி அகன்ற நிலம், அதைச் சுற்றி அடைப்பு. இவ்வடைப்புக்கு நாம் இன்றும் வழங்கும் ‘காம்பவுண்டு’ என்ற சொல், மலாய் மொழியின் ‘கம்போங்’ என்பதிலிருந்து ஆங்கிலோ-இந்திய வழக்குக்கு வந்தது என்பது பலர் ஏற்கும் கருத்து. சிற்றூரைக் குறித்த சொல், ஊரை வெளியே நிறுத்தும் சுவருக்குப் பெயரானது.

4. பவுண்டு: சட்டத்தின் தொழுவம்

காம்பவுண்டோடு இன்னொரு ‘பவுண்டு’ம் தமிழுக்குள் வந்தது. பிடிபட்ட மாடுகளை அடைக்கும் அரசுத் தொழுவத்தை மக்கள் அப்படித்தான் அழைத்தனர். பிரிட்டிஷ் இந்தியாவில் 1857ஆம் ஆண்டின் சட்டமொன்றும், அதற்குப் பின் 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டமும் இதற்கு அடித்தளமிட்டன. மொழிவாரி மறுசீரமைப்புக்குப் பின் கன்னடப் பகுதிகள் அனைத்துக்கும் பொதுவாக 1966இல் தனிச் சட்டம் வந்தபோதும் அதன் கட்டமைப்பு மாறவில்லை.

1871ஆம் ஆண்டுச் சட்டத்தை நிதானமாகப் படித்தால் மூன்று செய்திகள் புலப்படும்.

முதலாவது, ‘கால்நடை’ என்ற சொல்லின் வரையறை. மாட்டோடு யானை, ஒட்டகம், எருமை, குதிரை, கழுதை, பன்றி, செம்மறி, வெள்ளாடு ஆகியவற்றையும் சட்டம் அதில் சேர்த்தது. தண்டத் தொகை யானைக்கு 2 ரூபாயில் தொடங்கி ஆட்டுக்கு 1 அணாவில் முடிந்தது. பட்டியலில் உள்ளவை யாவும் சொத்தாகக் கருதத்தக்க, உரிமையாளர் ஒருவரிடமிருந்து தண்டம் பெறத்தக்க விலங்குகள். நாய் அதில் இல்லை. பூனையும் இல்லை.

இரண்டாவது, இடத்துக்கு இடம் மாறும் அளவுகோல். உழவர் தம் நிலத்தில் ஒரு மாட்டைப் பிடிக்க வேண்டுமெனில், அது அத்துமீறி நுழைந்திருப்பதோடு சேதமும் செய்திருக்க வேண்டும். ஆனால் பொதுச்சாலை, உல்லாசத் தோட்டம், மரத்தோப்பு, கால்வாய் முதலியவற்றின் பொறுப்பாளர்கள், அங்கு மாடு திரிந்தாலே பிடிக்கலாம். வயலில் சேதத்தைக் காட்ட வேண்டும்; பூங்காவில் மாடு இருந்தாலே போதும். 1870இல் ரிச்சர்ட் சாங்கி பெங்களூரில் கப்பன் பூங்காவை வடிவமைத்ததற்கு அடுத்த ஆண்டே இச்சட்டம் வந்தது என்பது தற்செயலே. எனினும் இரண்டும் ஒரே காலத்தின் கண்ணோட்டத்தைக் காட்டுகின்றன. காட்சிக்குரிய பசுமையில் மேயும் விலங்குக்கு இடமில்லை.

மூன்றாவது, சட்டத்தின் இலக்கு. மாட்டைத் திருத்த எவரும் சட்டம் இயற்றுவதில்லை. தண்டம் கட்ட முடியாத இடையரும் சிறுகுடியானவருமே அதன் முன் நின்றனர். உரிய காலத்தில் மீட்காத விலங்கு ஏலத்துக்குப் போனது. பிடித்த மாட்டை வழிமறித்து மீட்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் இதே ஏற்பாட்டைக் காட்டுக்கும் நீட்டியது. ஒதுக்கப்பட்ட காட்டில் நுழையும் கால்நடை, பொதுத் தோப்புக்குச் சேதம் செய்ததாகவே கருதப்படும் என்றது அச்சட்டம். பூங்காவின் விதி மலைக்கு ஏறியது. கிடை போட அழைக்கப்பட்ட மந்தை, எல்லாப் பருவத்திலும் அத்துமீறும் மந்தை ஆயிற்று.

5. சட்டத்தின் இடைவெளியில் பூனை

இப்பின்னணியில் பூனையின் நிலை தனித்துவமானது. அது வேலியைத் தாண்டும். மதிலை வழியாகவே கொள்ளும். பிடித்துத் தொழுவில் அடைத்தாலும் மீட்க யார் வருவார்? ஏலம் விட்டால் யார் வாங்குவார்? உரிமையாளரைத் தேடிச் செல்லும் சட்டத்துக்குப் பூனை பிடி கொடுக்கவில்லை.

உரிமையாளர் தெளிவாக இருந்தபோதும் நிலைமை மாறவில்லை. 1926இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் பக்கிள் - ஹோம்ஸ் வழக்கைத் தீர்த்தது. ஒருவருடைய பூனை அடுத்த வீட்டுக்குள் புகுந்து புறாக்களையும் குறுங்கோழிகளையும் கொன்றுவிட்டது. மாடு புகுந்தால் உரிமையாளர் பொறுப்பு என்ற பழைய விதியைப் பூனைக்கும் நீட்ட வேண்டும் என்பது வாதம். நீதிமன்றம் மறுத்தது. பூனை தன் இயல்புப்படி நடந்தது. அதற்கு உரிமையாளர் பொறுப்பல்லர் என்பது முடிவு. குடியேற்ற நாட்டு இடையர் ஒரு ஆட்டுக்கு அணாக் கணக்கில் தண்டம் கட்டிய காலத்தில், இங்கிலாந்தில் பூனை வளர்த்தவர் ஒன்றும் கட்டாமல் வீடு திரும்பினார்.

இதைப் பூனையின் வெற்றியாகக் கொண்டாட வேண்டியதில்லை. பொறுப்பு இல்லாத இடத்தில் பாதுகாப்பும் இருப்பதில்லை. மாட்டைக் கொன்றால் கேட்க ஆள் உண்டு. தெருப்பூனைக்கு நஞ்சு வைத்தால் நெடுங்காலம் கேட்பாரில்லை. சட்டப் பட்டியலில் இல்லாமலிருப்பது விடுதலையாகவும் அநாதைத்தனமாகவும் ஒருசேர இருந்தது.

6. கொள்ளைநோய் நட்ட தோட்டங்கள்

1898 ஆகஸ்டில் பெங்களூரைப் பிளேக் தாக்கியது. நெருக்கமான பேட்டைத் தெருக்களில் எலி செத்து விழுந்த வீடுகளை மக்கள் விட்டு வெளியேறினர். ‘பிளேக் மாரியம்மன்’ கோயில்கள் இன்றும் நகரில் அந்நாட்களை நினைவூட்டுகின்றன. நோய்க்குப் பின் நகர விரிவாக்கம் வேகம் பெற்றது. மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அகன்ற தெருக்கள், வீட்டைச் சுற்றித் திறந்த இடம், காற்றோட்டம் என்ற கொள்கையில் வளர்ந்தன. அங்கு மனைகள் சாதியும் சமூகமும் பார்த்து ஒதுக்கப்பட்டன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெங்களூரின் நடுத்தர வர்க்க வீட்டுத்தோட்டம் பெருமளவுக்கு எலிக்கு அஞ்சிய நகரமைப்பின் விளைவு.

இங்கேதான் பூனை வரலாற்றுக்குள் வெளிப்படையாக நுழைகிறது. எலித்தெள்ளு வழியாகவே பிளேக் பரவுகிறது என்ற உண்மை நிறுவப்பட்டுவந்த அந்த ஆண்டுகளில், இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த ஆண்ட்ரூ புக்கானன் என்ற அதிகாரி, பூனைகள் மிகுந்த ஊர்களில் பிளேக் குறைவு என்று வாதிட்டார். பிளேக்கைத் தடுக்கும் காவலர் பூனை என்ற அவரது கட்டுரை 1908இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியானது. அவரது கருத்து பொதுக் கொள்கையாக நிலைபெறவில்லை. பூனைக்கும் பிளேக் தொற்றும் என்பதை இன்று அறிவோம். ஆயினும் குடியேற்ற ஆவணங்களில் எங்கும் கணக்கில் வராத ஒரு விலங்கு, முதன்முறையாகப் பயனுள்ள அயலாராக எண்ணிப் பார்க்கப்பட்டது.

மல்லேஸ்வரத்தின் பழைய மனைகளுக்குப் பின்புறம் குறுகிய சந்துகள் ஓடுகின்றன. எடுப்புக் கழிப்பறைகளைத் துப்புரவு செய்வோர் முன்தெருவுக்கு வராமல் வந்து போவதற்காக அமைக்கப்பட்டவை அவை. தோட்டத்தின் முன்வாயில் மலர்ப்போட்டிக்கும் விருந்தினருக்கும் உரியது. பின்சந்து, தொடக்கூடாதவராகக் கருதப்பட்ட மனிதருக்கு உரியது. பிற்காலத்தில் பாதாளச் சாக்கடை வந்தபின் பயன் இழந்த அச்சந்துகளில், இன்று மாலை நேரங்களில் நடப்பவர் காண்பது பூனைகளையே. நாம் வெளியே நிறுத்தியவர்களுக்காக வகுத்த வழியில் அவை நடக்கின்றன.

7. வேலியே மேய்ந்தது

விலங்கை வெளியே நிறுத்தும் ஆசைக்கு நிலமும் விலை கொடுத்தது. அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த உண்ணிச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவின் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தது. பூ அழகானது, இலை கால்நடைக்கு நஞ்சானதால் மாடு கடிக்காது. உயிர்வேலிக்கு இதைவிடப் பொருத்தமான செடி எது? பங்களாத் தோட்டங்களிலும் காப்பித் தோட்ட ஓரங்களிலும் நட்டனர். பழத்தைத் தின்ற பறவைகள் விதையைக் காட்டுக்குக் கொண்டு சென்றன. இன்று பண்டிப்பூரிலும் பிளிகிரி ரங்கன் மலையிலும் புல் முளைக்க வேண்டிய இடத்தை அதுவே மூடிக்கிடக்கிறது. இந்தியாவில் புலி வாழும் நிலப்பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காட்டில் உண்ணிச்செடி பரவியிருப்பதாக 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

மாட்டைத் தடுக்க நட்ட செடி, மானுக்கும் யானைக்கும் உரிய புல்லை ஒழித்தது. தீவனம் குறைந்த காட்டின் ஓரத்தில் விலங்கு வயலுக்கு வருவது அரிதன்று. பழமொழி இவ்வளவு நேர்ப்பொருளில் பலித்ததற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 2024இன் தொடக்கத்தில், நீலகிரியின் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிச்செடித் தண்டுகளால் முடைந்த முழு உருவ யானைகள் லால்பாக்கில் காட்சிக்கு வைக்கப்பட்டன. உயிர்வேலியாக நட்ட செடி யானை உருவம் கொண்டு, எருமைக்கு இடம் தராத தோட்டத்தின் புல்வெளியில் நின்றது.

8. உரிமையாளரைத் தேடும் பழக்கம்

மீண்டும் எங்கள் கூட்டத்துக்கு வருகிறேன். “சோறு வைக்கிறவங்கதான் ஓனர்” என்ற வாக்கியம், 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின் தர்க்கத்தை அப்படியே சுமந்திருக்கிறது. சேதம் நிகழ்ந்திருக்கிறது, தண்டம் கட்ட ஆள் வேண்டும், ஆள் இல்லையெனில் ஒருவரை உருவாக்க வேண்டும். பெரும்பாலும் அவர் தனியாக வாழும் பெண்ணாகவோ, முதியவராகவோ, காவலாளியாகவோ இருக்கிறார்.

இத்தர்க்கத்துக்கு வெளியே நிற்கும் ஒரு கருத்து, அண்மைக் காலத்தில்தான் விதியாகியுள்ளது. 2001ஆம் ஆண்டின் நாய் கருத்தடை விதிகளை நீக்கி 2023இல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், யாரும் உரிமை கோராத, ஒரு குடியிருப்பிலேயே பிறந்து வளரும் விலங்கைச் ‘சமூக விலங்கு’ என்கின்றன. அவற்றுக்கு உணவிடும் இடத்தைக் குழந்தைகள் விளையாடுமிடம், படிக்கட்டு, வாயில் ஆகியவற்றிலிருந்து தள்ளி ஏற்பாடு செய்யும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்திடமே தருகின்றன. உரிமையாளர் இல்லை என்பதால் பொறுப்பு இல்லாமல் போவதில்லை, அது எல்லோருடையதாகிறது என்பது இதன் பொருள். ஏரிக்கரைத் தோட்டக்காரர்களுக்கு இது புதிய செய்தியாக இருந்திருக்காது.

மறுபக்கத்தின் அச்சமும் உண்மையானது. நாய்க்கடியும் வெறிநோயும் ஏழைக் குழந்தைகளை முதலில் தாக்குகின்றன. 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலிய வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்றவும், அவை மீண்டும் நுழையாதவாறு வேலியும் மதிலும் வாயிலும் அமைக்கவும் ஆணையிட்டது. மருத்துவமனைக்கு மதில் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மதில் எழும்பும்போதெல்லாம், அது விலங்கோடு சேர்த்து வேறு யாரை வெளியே நிறுத்துகிறது என்று கேட்கும் கடமை வரலாற்று மாணவர்களுக்கு உண்டு. பள்ளித் திடலைப் பொதுவழியாகப் பயன்படுத்திய கீரைக்காரரும், மருத்துவமனை மர நிழலில் படுத்த வெளியூர் நோயாளியின் உறவினரும் அந்தக் கேள்விக்குள் அடங்குவர்.

இனி, பூந்தொட்டிகள். அடுத்த கூட்டத்தில் நான் முன்வைத்த யோசனைகள் எளியவை. பூனை தேடுவது இளகிய வறண்ட மண்ணை. ஆகவே தொட்டியின் மேற்பரப்பில் கூழாங்கல்லோ முட்குச்சிகளோ பரப்பலாம். ஏரிக்கரைத் தோட்டக்காரர் நாற்றங்காலுக்குச் செய்ததும் அதுவே. வளாகத்தின் ஒரு மூலையில் மணல் கொட்டி அவற்றுக்கென விடலாம். சோறு வைக்கும் இடத்தையும் நேரத்தையும் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்து, கருத்தடைச் செலவைப் பொது நிதியிலிருந்து தரலாம். மதிலை உயர்த்தும் செலவைவிட இது குறைவு.

தீர்மானம் நிறைவேறியது, இருவர் எதிர்த்தனர். மூன்றாம் மாடி அம்மையார் கூட்டத்துக்கு வரவில்லை. மறுநாள் மாலை, மணல் கொட்டிய மூலையில் அவரே முதல் ஆளாக நின்று சருகுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். வாயிலில் நீலப் பாட்டில்கள் இன்னும் இருக்கின்றன. அவற்றை எடுக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.